பனிக்குப் பின் வரும் கம்பளி

நவம்பர் பிறந்துவிட்டால் உதகை அரசு தாவரவியல் பூங்காவில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். கோடை மலர்க் காட்சிக்கென்று வளரும் நாற்றுகளும் அழகுச் செடிகளும் உறைபனியில் கருகிவிடாதபடி மிலாறுகளால் மூடி வைப்பார்கள். புல்வெளியில் படிந்த பனியை அதிகாலையிலேயே தண்ணீர் தெளித்துக் கரைப்பார்கள். பனி எந்த மாதம் இறங்கும் என்று தோட்டக்காரருக்குத் தெரியும். அதற்கு முன்பே ஏற்பாட்டை முடித்துவிடுவார். செடிக்குக் கிடைக்கிற இந்த முன்யோசனை, அதே மலையில் அரசுப் பள்ளிக்கு நடந்து போகும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்காமலேயே ஆண்டுகளைக் கடத்துகிறோம் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

நீலகிரியில் முதலில் நீர்ப்பனி வரும், பிறகு உறைபனி. நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை இழுக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற உதகையில் ஜனவரி இரவுகள் சாதாரணமாகவே 5, 6 டிகிரி செல்சியசுக்கு இறங்கும். காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்ந்த பகுதிகளில் பூஜ்ஜியத்தையும் தொடும், சில நாள் அதற்கும் கீழே போகும். கார்க் கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும் படங்கள் அப்போதுதான் நாளிதழ்களில் வரும். பகலில் வெயில் ஏறியதும் 20 டிகிரி வந்துவிடும். சுற்றுலா வந்தவர் 'இதமான குளிர்' என்று சொல்வது அந்தப் பகலைப் பார்த்துத்தான். பள்ளிப் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்புவது அதற்கு முன்னால், புல் இன்னும் வெள்ளையாக இருக்கிற நேரத்தில். கொடைக்கானலிலும், அதைத் தாண்டிய மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரையிலும் நிலைமை இதுதான்.

அந்த நேரத்தில் நடக்கிறவர்கள் யார்? தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குத் தினக்கூலியாகப் போகிறவர்களின் பிள்ளைகள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசின் 'டான்டீ' தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். இருளர், குறும்பர் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். அண்மைக் காலமாக ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இந்த வரிசையில் உண்டு. தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் ஒரே போர்வைக்குள் இரண்டு மூன்று பேராகச் சுருண்டு கிடந்த உடம்பு, காலையில் சூடேறாமலேயே பள்ளிக்குக் கிளம்புகிறது. அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்வது இன்னொரு ஆபத்து. சன்னல் மூடிய அறையில் கரிப்புகை உயிரையே வாங்கிவிடும்.

சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு அதிகம். சத்துக் குறைந்த பிள்ளை என்றால் சூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. வளரச் செலவாக வேண்டிய சோறு, நடுங்கவே செலவாகிவிடுகிறது. விரல் விறைத்துப் போனால் பென்சிலைப் பிடிக்க முடியாது. ஈரக் காலோடு உட்கார்ந்தால் கால் விரல்கள் சிவந்து வீங்கி, அரிப்பெடுத்துப் புண்ணாகும். இழுப்பு நோய் இருக்கிற பிள்ளைக்குக் குளிர்காற்றே போதும், மூச்சு முட்ட. முதல் பாடவேளை முழுவதும் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'எழுதவே மாட்டேன் என்கிறான்' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. அவன் கற்றலில் பின்தங்கியதாக நாம் கணக்கெடுப்பதில் ஒரு பகுதி வெறும் குளிர்.

இதில் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். மலைப்பகுதி அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் சத்துணவுப் பிள்ளைகளுக்கு விலையில்லா கம்பளிச் சட்டை தருகிறது. மழைக்கோட்டும், பூட்ஸும், காலுறையும் தருகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், மலைப் பிள்ளைக்குச் சமவெளிப் பிள்ளையைவிட ஒரு மடங்கு கூடுதலாக உதவுகிறது. ஆவி பறக்கும் உப்புமாவோ பொங்கலோ அங்கே பசிக்கு மட்டும் மருந்தாவதில்லை. இந்தியாவின் பல மாநிலங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதைத் தமிழ்நாடு செய்திருக்கிறது. அதனால்தான் அதை இன்னும் கடுமையாகக் கேள்வி கேட்கிறோம். கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட அரசு, எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யாரை விட்டுவிடுவது என்பதில் காட்டுகிற அசட்டையை மன்னிக்க முடியாது.

முதலில், எப்போது. பள்ளி திறப்பது ஜூனில். தென்மேற்குப் பருவமழை மேற்கு நீலகிரியில் இறங்குவதும் அதே ஜூனில். கூடலூரும் பந்தலூரும் அவலாஞ்சியும் என்ன மழை வாங்குகின்றன என்பதை 2019 ஆகஸ்டு பெருமழைக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கே தெரியும். ஆக, மலையில் குளிர் டிசம்பரில் தொடங்குவதில்லை. பள்ளி திறக்கிற அன்றே தொடங்கிவிடுகிறது. உறைபனி தொடங்கிய பிறகும் கம்பளிச் சட்டை வந்து சேரவில்லை என்ற முறையீடோ மலைப்பள்ளிகளுக்குப் புதிதல்ல. ஒப்பந்தப்புள்ளி, மாதிரிப் பரிசோதனை, கிடங்கு, வாகனம் என்று தாமதத்துக்குக் காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். ஆனால் கம்பளிச் சட்டையைக் கொள்முதல் செய்வது தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம். பள்ளி திறக்கும் நாளிலேயே பாடப்புத்தகம் மாநிலத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும் என்று திட்டமிட்டு வேலை செய்வதும் அதே கழகம்தான். மாநிலம் முழுவதற்கும் லட்சக்கணக்கில் புத்தகம் அனுப்பத் தெரிந்த கைக்கு, சில மலை வட்டாரங்களுக்குச் சட்டை அனுப்பத் தெரியாதா? புத்தகம் தாமதமானால் சட்டமன்றத்தில் கேள்வி வரும் என்ற பயம் இருக்கிறது. சட்டை தாமதமானால் கேட்க ஆளில்லை. வேறுபாடு அவ்வளவுதான். பிப்ரவரியில் கைக்கு வருகிற கம்பளிச் சட்டை கணக்கேட்டில் செலவாக ஏறும். பிள்ளையின் உடம்பில் ஏறாது.

அடுத்து, எவ்வளவு. சத்துணவுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை உண்டு. கம்பளிச் சட்டையோ ஒன்றே ஒன்று. மலையில் துணி துவைத்துப் பார்த்த எந்தத் தாயும் இதிலுள்ள கோளாறைச் சொல்லிவிடுவாள். மழையிலும் மூடுபனியிலும் கம்பளிச் சட்டை காய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாள்களில் பிள்ளை என்ன போட்டுக்கொள்ளும்? ஒன்று துவைக்காமலே அழுக்கோடு போட வேண்டும், அல்லது ஈரத்தோடு போட வேண்டும், அல்லது வெறும் பருத்திச் சட்டையோடு போக வேண்டும். மூன்றும் நடக்கிறது. ஆகவே ஒரு சட்டை என்பது உண்மையில் அரைச் சட்டை. மடிப்பைப் பிரித்தால் நீளுகிற கையும், உடம்புக்கு ஏற்ற அளவும், உள்ளே போட ஒரு முழுக்கைப் பனியனும் சேர்ந்தால்தான் குளிர் தாங்கும். தடித்த ஒரே உடையைவிட மெல்லிய இரண்டு அடுக்கு உடை நடுவில் காற்றைப் பிடித்து வைத்து உடம்பைச் சூடாக வைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆணையம் வேண்டாம். அந்தப் பனியனுக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்து, ஐரோப்பியக் குழந்தைகளுக்கு உடை அனுப்புகிற திருப்பூர், நீலகிரி மலையடிவாரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

மூன்றாவது, யாரை விட்டுவிடுகிறோம். சட்டை கிடைக்கப் பிள்ளை சத்துணவுப் பட்டியலில் இருக்க வேண்டும். வயிற்றுக்கு வைத்த அளவுகோலைக் கொண்டு குளிரை அளக்கிறோம். சத்துணவு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகிற பிள்ளைக்குப் பனி சலுகை தருவதில்லை. 1ஆம் வகுப்பில் தொடங்கும் திட்டம், அதற்கும் சின்னதான, அதனால் இன்னும் சீக்கிரம் விறைத்துப் போகிற அங்கன்வாடிப் பிள்ளையைத் தொடுவதில்லை. 8ஆம் வகுப்போடு முடியும் திட்டம், 9ஆம் வகுப்புப் பெண்ணிடம் 'இனி உனக்குக் குளிராது' என்று சொல்கிறது. பிழைப்புக்காக வந்த குடும்பத்தின் பிள்ளை அக்டோபரில் பள்ளியில் சேர்ந்தால், முன்கூட்டி எடுத்த கணக்கில் அதன் பெயர் இருக்க வழியில்லை. புதிதாக மலையேறி வந்த பிள்ளைக்குத்தான் உதகையின் முதல் பனி மிகக் கடுமையாக இருக்கும். அதற்குத்தான் நம் பட்டியலில் இடமில்லை.

குளிருக்குப் போர்வை என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருகிறவன் பேகன். கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் அதே பழனி மலையைத்தான் அவன் ஆண்டான். பொதினி என்பது அன்றைய பெயர். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் என்பதற்காகக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனைப் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். மயில் மனுப் போடவில்லை, தகுதிச் சான்று காட்டவில்லை. ஆனால் பேகன் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதை நாம் அதிகம் சொல்வதில்லை. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து புறக்கணித்தபோது கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவன் வாசலில் போய் நின்றார்கள். பரிசில் கேட்கப் போகவில்லை. அவள் கண்ணீரைத் துடை என்று கேட்கப் போனார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பெருமை, வீட்டில் தவறிய கடமைக்கு ஈடாகாது என்று வள்ளலின் முகத்துக்கு நேரே சொன்ன மரபு நம்முடையது. அந்தப் பழைய அறத்தை இன்றைய அரசுக்கும், இன்றைய வள்ளல்களுக்கும் பொருத்திப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

இன்றைய வள்ளல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் வந்தால் மலையேறி வந்து பள்ளிகளில் ஸ்வெட்டர் வழங்கும் சங்கங்களும் நிறுவனங்களும் தனிமனிதர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் இன்னும் துன்பப்பட்டிருப்பார்கள், நன்றி உரியது. சத்தமில்லாமல் தன் சம்பளத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கித் தருகிற ஆசிரியர்களுக்கு அதைவிட அதிக நன்றி உரியது. ஆனால் பிள்ளைகளைக் காலைப் பனியில் வரிசையில் நிற்க வைத்து, விருந்தினர் வரும்வரை காக்க வைத்து, ஒரு கையில் மடித்த சட்டையும் மறு கையில் பிள்ளையுமாகப் பிடித்துப் படம் எடுத்து, அதை ஊரெல்லாம் பரப்புவது உதவியில் சேராது. அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் அந்தப் படம் எங்கோ இருக்கும்: இன்னார் வீட்டில் சட்டை வாங்க வழியில்லை என்ற அறிவிப்பாக. கொடுக்க மனமிருக்கிறவர்கள் செப்டம்பரிலேயே தலைமையாசிரியரிடம் போய், எத்தனை பேர், என்ன அளவு என்று கேட்டு, வகுப்பில் 'ஏழை', 'மற்றவர்' என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ஒன்றாக, புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டு, தங்கள் வழியில் போகலாம். பிள்ளை அதைப் பள்ளி கொடுத்ததாக நினைத்துக்கொண்டால் கொடுத்தவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

தனியார் ஈகை பொதுக் கடமையாக மாறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1950களில் காமராஜர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கடிகாரமும் சீருடையும் கொடுத்தார்கள். பகலுணவும் முதலில் ஊரார் தந்த அரிசியிலும் காய்கறியிலும்தான் காலூன்றியது. பிறகு அரசு தோள் கொடுத்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது யாரும் பின்வாங்க முடியாத பொறுப்பானது. இன்று மதியச் சோற்றைத் தானம் என்று எந்த அமைச்சரும் சொல்லத் துணியமாட்டார். கம்பளிச் சட்டையும் அந்த இடத்துக்கு நகர வேண்டும். 6 முதல் 14 வயது வரையிலான எந்தப் பிள்ளையும், படிப்பை முடிக்கத் தடையாக நிற்கும் எந்தச் செலவையும் சுமக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. உதகையில் ஸ்வெட்டர் அப்படிப்பட்ட செலவு. சென்னையில் அது ஆடம்பரமாக இருக்கலாம். மலையில் அது சிலேட்டைப் போலப் பாடத்துக்குத் தேவையான பொருள்.

டெல்லியின் கணக்கும் திருந்த வேண்டியது. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு இணைச் சீருடைக்கு 600 ரூபாய் என்று விதி. கடலூர்க் கடற்கரைக்கும் கார்கில் பள்ளத்தாக்குக்கும் ஒரே விதி போட்டவர்கள், இந்தியாவில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதை மறந்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசம் 2021 முதல் சீருடை, ஸ்வெட்டர், காலணி, பைக்கான பணத்தைப் பெற்றோரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அதில் ஸ்வெட்டருக்கென்று வைத்த பங்கு 200 ரூபாய். அந்தப் பணத்துக்கு எப்படிப்பட்ட ஸ்வெட்டர் கிடைக்கும் என்று கடைவீதிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். பணத்தைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற அரசுக்கு, அந்த மாதம் அந்த வீட்டில் அரிசிக்கடன் இருந்ததா என்று தெரியாது. பொருளாகக் கொடுக்கும் தமிழ்நாட்டு முறையே மேல். அதைக் காலத்தில் கொடுத்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

பள்ளிகளும் தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். சீருடையின் நிறத்தோடு பொருந்தவில்லை என்று, அக்காவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டு வந்த பிள்ளையைக் கழற்றச் சொல்வது எந்தப் பள்ளியில் நடந்தாலும் அது ஒழுங்கு ஆகாது, கொடுமை. தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் என்று பிள்ளைகளைத் தரையில் உட்கார வைப்பது நல்ல கல்விமுறையாக இருக்கலாம். ஆனால் ஜனவரி மாதத்துச் சிமென்ட் தரையில் விரிப்பில்லாமல் அதைச் செய்வது கல்வியில் சேராது. உடைந்த சன்னல் கண்ணாடிக்கு அட்டை ஒட்டி ஆண்டுக்கணக்கில் விட்டு வைக்க வேண்டாம். திறந்த வெளியில் நீளும் காலை வழிபாட்டுக் கூட்டத்தைப் பனி மாதங்களில் சுருக்கி, வகுப்பறைக்குள் வைத்துக்கொள்ளலாம். மூடுபனியில் வழி தெரியாமல் பத்து நிமிடம் பிந்தி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது. குடிக்க வெந்நீர், நனைந்த காலுறையை உலர்த்த சமையற்கூடத்தின் ஒரு மூலை, அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்கப் பள்ளியில் நாலைந்து உபரி ஸ்வெட்டர் — இவற்றுக்கு அரசாணை வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை.

'பெற்றோரே வாங்கிக் கொடுக்கக் கூடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. வாங்க முடிந்தவர்கள் வாங்கித்தான் கொடுக்கிறார்கள்; உதகைத் திபெத்தியர் சந்தையில் தை மாதத்துக் கூட்டம் அதற்குச் சாட்சி. முடியாதவர்களின் வீட்டில் மூன்று பிள்ளைக்கு ஸ்வெட்டர் என்பது பல நாள் கூலி. 'பகலில் வெயில் வந்ததும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், தொலைத்துவிடுகிறார்கள்' என்றும் குறை சொல்கிறார்கள். பிள்ளைகள் பென்சிலையும் தொலைக்கிறார்கள். அதற்காக எழுத்தை நிறுத்திவிடவில்லை. 'நிதி இல்லை' என்பது கடைசி வாதம். கேட்பது மாநிலம் முழுவதற்கும் இல்லை, மலை வட்டாரங்களுக்கு மட்டும். கோடை விழாவுக்கு மலையை அலங்கரிக்கக் கிடைக்கிற நிதி, அந்த மலையின் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்று எந்த நிதியமைச்சர் வாய்விட்டுச் சொல்வார்?

எனவே நம் கோரிக்கைகள் இவை. மலைப்பகுதிப் பள்ளி திறக்கும் நாளில் புத்தகத்தோடு கம்பளிச் சட்டையும், மழைக்கோட்டும், பூட்ஸும் கைக்கு வர வேண்டும். அளவை முந்தைய பிப்ரவரியிலேயே எடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு சட்டை, உள்ளே போட இரண்டு பனியன். சத்துணவு நிபந்தனை நீங்க வேண்டும். அங்கன்வாடியிலிருந்து 12ஆம் வகுப்பு வரை அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களில் படிக்கும் ஒவ்வொரு மலைப் பிள்ளையும் பட்டியலில் வர வேண்டும். நடு ஆண்டில் சேருகிறவர்களுக்காகப் பத்தில் ஒரு பங்கு கையிருப்பு பள்ளியிலேயே இருக்க வேண்டும். எத்தனை வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பேருக்கு இன்னும் வரவில்லை என்று ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்கள் அதில் கையெழுத்திட வேண்டும். செப்டம்பர் முடிந்தும் வராவிட்டால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார் என்று பெயரோடு அறிவிக்க வேண்டும்.

குளிரில் நடுங்குகிற பிள்ளைக்கு நாம் பாடம் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்வது பொய்க் கணக்கு. அந்தப் பொய்யில் அரசுக்குப் பெரும்பங்கு. பேசாமல் இருக்கிற நமக்கும் ஒரு பங்கு. அரசு இந்த ஆண்டே தேதியைக் குறிக்க வேண்டும். அதுவரை, வாசகர்களில் மலையில் இருப்பவர்கள் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய், கம்பளிச் சட்டை வந்துவிட்டதா என்று ஒருமுறை கேளுங்கள். வரவில்லை என்றால் கேட்டுக்கொண்டே இருங்கள்.